வலது கை மேலே

1997 டிசம்பர் மாதம், கடைசி சனிக்கிழமை. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய ஓட்டலொன்றின் திறந்தவெளி மேடையில் மாலை ஆறரை மணிக்கு இருந்தவர்கள்:

மேனேஜர் சுப்புராமன். கோட்டு போட்டிருந்தார். கடல் காற்றிலும் அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

லைட் போட வந்த பிரவின்குமார்.

சமையல்கட்டுக் கதவில் வாட்ச்மேன் சடையப்பன், இடுப்பில் சாவிக்கொத்தோடு.

பஸ்ஸில் கூட்டமாக வந்து இறங்கிய வெளிநாட்டுக்காரர்கள் முப்பத்தெட்டு பேர். எல்லோர் நெற்றியிலும் குங்குமம் வைத்திருந்தார்கள்.

செங்கல்பட்டு போட்டோகிராபர் மோகன்.

திருக்கழுக்குன்றம் நாதஸ்வரக்காரர் சதாசிவம்.

அதே சதாசிவத்தின் படம், முப்பது அங்குலத்துக்கு நாற்பது, கறுப்பு வெள்ளை, மேடைக்கு இடப்பக்கச் சுவரில்.

தவில்காரன் கருப்பன் உள்ளே இல்லை. சமையல்கட்டுக் கதவுக்கு வெளியே, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் தவிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனாலும் அவனையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இத்தனை பேரில் சதாசிவத்தின் முகத்தில் வலது பாதி செத்துப்போயிருந்தது தெரிந்தவர்கள் மூன்றே பேர். சதாசிவம், கருப்பன், மோகன்.

அக்டோபரில் நடந்தது அது. திண்டிவனம் பக்கம் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு வேனில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில் பல் விளக்கி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது ஓரமாகத் தானே வழிந்து பனியனை நனைத்தது. அவர் மனைவி அம்சா முதலில் சிரித்தாள். "இன்னாய்யா, கொழந்த மாதிரி ஒழுக வுட்டுகினு நிக்கிற" என்றாள். அவர் திரும்பியதும் சிரிப்பு நின்றது. வலது கண் மூடவில்லை. வாயின் வலது முனை கீழே இறங்கித் தொங்கியது.

ஊரில் காத்து அடித்துவிட்டது என்றார்கள். டாக்டர் முகவாதம் என்றார். பொங்கலுக்குள் சரியாகிவிடலாம், ஆகாமலும் போகலாம், தினமும் பலூன் ஊதிப் பழகுங்கள் என்று ஒரு சிவப்பு பலூனையும் கையில் கொடுத்தார். மாட வீதி நாலையும் நிற்காமல் ஊதிச் சுற்றி வருகிற மனுஷன் அந்த பலூனை ஊதினார். புஸ் என்று காற்று வலது ஓரமாகப் போனது. பலூன் அப்படியே தொங்கியது.

அதன் பிறகும் மூன்று கல்யாணங்களுக்குப் போனார். காற்று ஒழுகும்போதெல்லாம் கருப்பன் தவிலை ஓங்கி அடித்து மூடிவிடுவான். மூன்றாவது கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன், தாலி கட்டுகிற நேரத்தில் இப்படிக் கோணல் வாயோடு எதிரே ஒருத்தர் நிற்கலாமா என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டான். அதோடு சரி. கல்யாணத்துக்கு மேளம் பேசிவிடுகிறவர்கள் சமையல்காரர்கள்தான். செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் வரை ஒரு சமையல்காரன் விடாமல் விஷயம் தெரிந்துவிட்டது. தை மாதத்துக்குப் பேசியிருந்ததெல்லாம் கை மாறிப்போனது.

அப்போது வந்ததுதான் ஓட்டல் வேலை. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை தினமும் மாலை அரை மணி நேரம். ஓட்டல்காரர்களுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்கள் கேட்டது இரண்டு பொருள்: ஒரு கேசட், ஒரு போட்டோ. கேசட் இருந்தது. 1994-ல் சித்திரைத் திருவிழாவில் சவுண்டு சர்வீஸ்காரன் பதிந்து கொடுத்தது. போட்டோவுக்காகக் கருப்பன் அவரை மோகனிடம் அழைத்து வந்தான். மோகனும் கருப்பனும் பள்ளியில் ஒரே பெஞ்சு.

"எந்தப் பக்கம் நல்லா கீது?" என்று மோகன் கேட்டான்.

"இடது."

"அப்ப வலது நமக்கு வேணாம்."

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில், மாடியில் இருந்தது ஸ்டூடியோ. மோகன் ஒரே ஒரு விளக்கை எடுத்து சதாசிவத்தின் இடது பக்கம், தலைக்கு மேலே நிறுத்தினான். வலது பக்கம் பொட்டு வெளிச்சம்கூடப் பட்டுவிடக் கூடாதென்று கறுப்புத் துணியைத் தொங்கவிட்டான். அவர் நாயனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கை மேலே, வலது கை கீழே. நாயனத்தின் வாய் வலப்பக்கமாகச் சாய்ந்து இருட்டுக்குள் போயிற்று. மோகன் எட்டு படம் எடுத்தான். எட்டும் பிணத்துக்கு எடுத்த மாதிரி வரும் என்று எடுக்கும்போதே தெரிந்தது. பிணத்துக்கும் எடுத்திருக்கிறான், அதனால் தெரியும்.

"ஏன் அண்ணாத்த, போலீஸ் ஸ்டேஷன்ல கையெழுத்து போட வந்தவன் மாதிரி நிக்கிற?" என்றான் கருப்பன். தவிலை உறையிலிருந்து எடுத்தான், விரல்களுக்குக் கூடு மாட்டினான், அவருக்கு இடது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். "அந்தப் பொட்டிய பாக்காத. என்னப் பாரு."

அடிக்க ஆரம்பித்தான். சந்து நாய்கள் குரைத்தன. சதாசிவத்தின் இடது கண் பாதி மூடியது. கழுத்து நரம்பு எழுந்தது. போட்டோ எடுக்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டார். மோகன் அமுக்கினான்.

இருட்டறையில் மருந்துத் தட்டுக்குள் காகிதத்தை ஆட்டியபோது முதலில் அந்தக் கழுத்து நரம்பு வந்தது. பிறகு கண், பிறகு கன்ன எலும்பு. முகத்தின் மறுபாதி வரவே இல்லை, கறுப்பாகவே நின்றது. அந்தக் கறுப்புக்கு நடுவே, கீழே, நாயனத்தின் வாய் மட்டும் ஒரு வளையமாக மின்னியது. மோகன் பதினொரு வருஷமாக பாஸ்போர்ட் சைஸும் காது குத்தலும் வாழை மரத்துக்குப் பக்கத்தில் வெட்கப்படும் பெண்களையும் எடுத்துக்கொண்டிருந்தவன். தன் பெயரைக் கீழே போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிய முதல் படம் இதுதான்.

படத்தில் கருப்பனும் இருந்தான். வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

இங்கிலீஷ் எல் மாதிரி வெட்டிய இரண்டு அட்டைகளை வைத்துப் படத்தை எங்கே வெட்டலாம் என்று பார்ப்பது வழக்கம். அட்டையை நகர்த்தினான். கருப்பனின் முகம் போனது. தவில் போனது. ஆனால் கூடு மாட்டிய நாலு விரல்கள் ஓரத்தில் பல் மாதிரி வெள்ளையாக நின்றன. விரல்கள் இருக்கிறவரை அது ஒரு கோயில் கச்சேரிப் படம். இன்னும் நகர்த்தினான். சதாசிவத்தின் தோளையே கொஞ்சம் தின்றுகொண்டு அட்டை நின்றபோது விரல்கள் போய்விட்டன. ஒரு மனிதன், ஒரு நாயனம், சுற்றிலும் இருட்டு. மோகன் அப்படியே பிரிண்ட் போட்டு அனுப்பினான்.

பத்து நாளில் சுப்புராமனே காரில் வந்து மாடி ஏறினார்.

"முதலாளி பாத்த உடனே ஓகேன்னுட்டார். ஒரே ஆள், ஒரே வெளிச்சம். போட்டோல இருக்கிற மாதிரியே மேடையிலயும் வேணுமாம். தவில் கிவில்லாம் வேண்டாம். சுருதிப் பெட்டி நாங்களே வெச்சிக்கறோம்."

மோகன் அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"இதையே பெரிசா ஒண்ணு போட்டுக் குடுங்கோ, மேடைக்குப் பக்கத்துல மாட்டறதுக்கு. ஆனா ஒரு சின்ன சங்கடம். மாட்டற சுவர் மேடைக்கு இடது பக்கம். அதுக்கும் இடது பக்கம் டாய்லெட். இப்படியே மாட்டினா மனுஷன் டாய்லெட்டைப் பாத்து நாயனம் வாசிக்கிற மாதிரி இருக்கும். மேடையைப் பாத்து வாசிக்கணும். முடியுமா?"

"முடியும் சார். ஃபிலிமைத் திருப்பிப் போட்டா போதும்."

திருப்பிப் போட்டான். இடம் வலமானது, வலம் இடமானது. பெரிய காகிதத்தைச் சுவரில் ஆணியடித்து, என்லார்ஜரைப் படுக்க வைத்து, கோடு விழாமல் பஞ்சால் மருந்து தடவிக் கழுவி எடுக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. நாயனம் இப்போது மேடையைப் பார்த்தது. வலது கீழ் மூலையில் 'மோகன், செங்கல்பட்டு' என்று வெள்ளை மையில் எழுதினான்.

படத்தைக் காயப்போட்டிருந்தபோது கருப்பன் வந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நான் எங்கடா?"

"நீ ஓரத்துல இருந்தே மச்சான்."

"ஓரத்துல இருந்தேன் சரி. இப்ப எங்க கீறேன்?"

"கட் பண்ணிட்டேன்."

"விரலாவது வுட்டிருக்கலாம் இல்ல?" என்று கருப்பன் சிரித்தான். பிறகு கிட்டே போய்ப் பார்த்தான். "இன்னாடா இது, வலது கை மேல கீது? அண்ணாத்த இடது கை மேல வெச்சில்ல வாசிக்கும்?"

"திருப்பிப் போட்டிருக்கேன். எவன் பாக்கப் போறான்?"

"வாசிக்கிறவன் பாப்பான்."

"வெள்ளக்காரன்தான வரப் போறான். அவன் இன்னாத்த பாப்பான்?"

தவில் வேண்டாம் என்று ஓட்டலில் சொல்லிவிட்டதை மோகன் அப்போதுதான் கருப்பனிடம் சொன்னான். "சரி வுடு, அண்ணாத்தயாவது பொழச்சிகினா போதும்" என்று சொல்லிவிட்டுக் கருப்பன் படி இறங்கிப் போனான்.

சதாசிவம் தனியாக நிற்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மருந்துக் கடையில் விற்கிற வெள்ளை பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி, தொங்குகிற வாய் முனையை மேலே இழுத்துப் பிடித்துக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டால் காற்று ஒழுகவில்லை. நாயனத்தின் சீவாளியை உதட்டின் இடது ஓரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஒரே மூச்சில் இழுக்கிற நீளமான பிடி எதையும் தொடக்கூடாது. அரை மணி தாங்கியது. மோகன் ஸ்டூடியோவிலேயே வாசித்துக் காட்டினார்.

"பிளாஸ்திரி தெரியுமே, மோகனு?"

"தெரியாது அண்ணாத்த. போட்டோல கீற மாதிரியேதான் லைட்டு வெக்கப் போறாங்களாம். மேனேஜரே சொன்னாரு. உன் வலது பக்கம் ஒருத்தனுக்கும் தெரியாது. நான் கேரண்டி."

"பொங்கல் வரைக்கும் ஓட்டிட்டா போதும். அப்பால தானா சரியாயிடும்" என்றார் சதாசிவம். மூடாத வலது கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். "இதுவும் போச்சின்னா ஊர்ல ஒரு பய என்ன நம்பி தாம்பூலம் வெக்க மாட்டான்."

மோகன் அன்று ஆறு மணிக்கே ஓட்டலுக்கு வந்துவிட்டான். முதலில் தன் படத்தைப் பார்த்தான். அதற்கு மேலே தனியாக ஒரு சின்ன பல்பு போட்டிருந்தார்கள். நன்றாக இருந்தது. பிறகு மேடையைப் பார்த்தான்.

விளக்கு இடப்பக்கம் நின்றது.

எதிரே நின்று பார்க்கிறவனுக்கு இடப்பக்கம். மேடையில் நிற்கிறவனுக்கு அது வலப்பக்கம்.

பிரவின்குமார் ஏணியின் மேல் நின்று படத்தைப் பார்ப்பதும் விளக்கைத் திருப்புவதுமாக இருந்தான். கருத்தாக வேலை செய்கிற பையன். படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமோ அதே பக்கம் வைத்திருந்தான். நிழல் மூக்கில் எங்கே விழ வேண்டும் என்பதைக்கூட ஒரு சர்வரை நிற்க வைத்துப் பார்த்து முடித்துவிட்டான்.

"தம்பி, லைட்டை அந்தப் பக்கம் மாத்து."

"ஏன் சார்? போட்டோ மாதிரியேதான வெச்சிகீறேன். கரெக்டா இல்ல?"

"போட்டோ..." என்று மோகன் ஆரம்பித்தபோது சுப்புராமன் பின்னாலிருந்து தோளில் கை வைத்தார்.

"என்ன மோகன், லைட்டிங் எப்படி? அச்சா உங்க போட்டோவேதான். முதலாளிக்கு உங்க படம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எல்லா ஓட்டலுக்கும் காலண்டர் போடறார், பன்னிரண்டு மாசத்துக்கும் நீங்கதான் எடுக்கணும்னு சொல்லிண்டிருக்கார். எதாவது மாத்தணுமா?"

ஒரு வரி போதும். ஃபிலிமைத் திருப்பிப் போட்டேன் சார், நிஜத்தில் வெளிச்சம் அந்தப் பக்கம். திருப்பச் சொன்னதே இவர்தான், கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் பக்கமாக இருந்தால் என்ன என்று கேட்பார். ஏன் இந்தப் பக்கம் கூடாது என்று கேட்பார். பாதி முகம் செத்தவனை முழு ஆளாக எடுத்துக் கொடுத்திருக்கிறாயே என்று கடைசியில் தன்னிடம்தான் வந்து நிற்கும். மோகனுக்கு இது அத்தனையும் ஒரு மூச்சில் ஓடியது.

"ஒண்ணுமில்ல சார். நல்லா கீது" என்றான்.

பிரவின்குமார் ஏணியை எடுத்துக்கொண்டு போனான்.

சதாசிவம் சமையல்கட்டுப் பக்கமிருந்து வந்தார். பட்டு வேட்டி, துண்டு, நெற்றியில் விபூதி. வாய் ஓரத்தில் பிளாஸ்திரி. அரிசி மாவைக் கொஞ்சம் சந்தனத்தோடு குழைத்து அதன் மேல் தடவி அனுப்பியிருந்தாள் அம்சா. இருட்டில் தெரியாதுதான். மேடைக்கு ஏறுகிற படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். விளக்கைப் பார்த்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். படத்தில் மேலே இருந்த கையைப் பார்த்தார். வாசிக்கிறவர் இல்லையா, அவருக்கு ஒரு நொடிதான் பிடித்தது.

கூட்டத்தில் மோகனைத் தேடினார். மோகன் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டான்.

பிளாஸ்திரியோடு போய் நின்றால் முதல் வரிசைக்கே தெரியும். எடுத்துவிட்டால் காற்று நிற்காது. சதாசிவம் முதுகைத் திருப்பி அதைப் பிய்த்து எடுத்தார். தோலோடு வந்தது. துண்டுக்குள் செருகிக்கொண்டு மேடை ஏறி, சாக்பீஸில் கட்டம் போட்டிருந்த இடத்தில் நின்றார்.

விளக்கு எரிந்தது. மூடாத கண், இறங்கிய கன்னம், பிளாஸ்திரி பிய்த்த இடத்தில் சிவப்பு. நல்ல பாதி இருட்டில் இருந்தது.

முதல் சுரம் நின்றது. இரண்டாவதுக்குப் போகும்போது புஸ் என்றது. எச்சில் முகவாயில் வழிந்தது. அவர் தலையைச் சாய்த்து, உதட்டைச் சீவாளியோடு சேர்த்து அழுத்தி மறுபடி எடுத்தார். பாதி சுரம், பாதி காற்று.

அப்போது மதிலுக்கு வெளியே தவில் கேட்டது.

ஓங்கி, பழைய மாதிரி. காற்று ஒழுகுகிற இடம் பார்த்து அடி விழுந்தது. சுவர் மறைத்தும் கருப்பனுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சதாசிவம் இரண்டு நிமிஷம் வாசித்துவிட்டார். மோகன் கேமராக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். இப்படியே போய்விட்டால் போதும் என்று அவனுக்கு இருந்தது.

"யாருய்யா அது வெளியில? நிறுத்தச் சொல்லு" என்றார் சுப்புராமன்.

சடையப்பன் கதவைத் திறந்துகொண்டு போனான். "யோவ், இன்னாய்யா பேஜாரு பண்ற! எட்து உள்ள வைய்யா!" தவில் பாதி அடியில் நின்றது.

அதன் பிறகு வெறும் காற்றுதான். மூடாத கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது. முன் வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பத்துப் பதினைந்து ஃபிளாஷ் அடித்தது. பக்தியில் அழுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். சதாசிவம் நாயனத்தை இறக்கியதும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

சுப்புராமன் கை தட்டவில்லை. சவுண்டுப் பெட்டிக்குப் போய் கேசட்டைப் போட்டார். விளக்கை அணைக்கச் சொன்னார். படத்துக்கு மேலே இருந்த சின்ன பல்பு மட்டும் எரிந்தது. 1994 சித்திரையில் வாசித்த சதாசிவம் ஒரு பிசிறில்லாமல் ஆரம்பித்தார். வெள்ளைக்காரர்கள் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சமையல்கட்டில், பாத்திரம் தேய்க்கிற இடத்தில், சுப்புராமன் குரலை உயர்த்தாமலே பேசினார். "உடம்பு சரியில்லாத மனுஷர், நான் ஒண்ணும் சொல்ல விரும்பல. நாளையிலேர்ந்து வர வேண்டாம். எங்களுக்கு இந்தப் படமும் கேசட்டும் போதும்."

"அந்தப் படத்த மட்டும் கழட்டிக் குடுத்துடுங்க சார்" என்றார் சதாசிவம்.

"அது ஓட்டல் சொத்து." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சதாசிவம் நாயனத்தை உறையில் போட்டுக் கட்டினார். முடிச்சு விழ நேரமாயிற்று. பிறகு மோகனைப் பார்த்தார்.

"லைட்டு மாறிப் போச்சே, மோகனு."

"ஆமா அண்ணாத்த."

"எப்ப பாத்த?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை. "ஆறு மணிக்கு."

"ஆறுக்கா?" சதாசிவம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். இடது பாதி முகத்தில் ஏதோ வந்து போனது. வலது பாதியில் ஒன்றுமில்லை.

சடையப்பன் கதவைத் திறந்தான். வெளியே கருப்பன் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். "வா அண்ணாத்த, ஏழரைக்கு பஸ் கீது. ஓடனா புடிச்சிடலாம்." நாயனத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தான். "நீ வர்லயா?"

உள்ளே கேசட் ஓடிக்கொண்டிருந்தது. "மோகன், வாங்கோ, போட்டோ எடுத்தவரைப் பாக்கணுங்கறா" என்று சுப்புராமன் கூப்பிடுவது கேட்டது.

"யோவ், நீ உள்ளயா வெளியவா? சட்டுனு சொல்லு, கதவ சாத்தணும்" என்றான் சடையப்பன்.

மோகன் ஓரடி பின்னால் எடுத்து வைத்தான். சதாசிவம் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சடையப்பன் அவர் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, தாழ் போட்டு, பூட்டினான். பூட்டு சரியாக விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.